மூடிய பாத்திரப் பட்டறையிலிருந்து 23 சுத்தியல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கும்பகோணம் வட்டாரத்தில் செம்பு, பித்தளைப் பாத்திரங்களைக் கையால் அடிக்கும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடுவது இன்று நேற்று நடப்பதல்ல. முதலில் எவர்சில்வர் வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டது. மிச்சம் இருந்த குடத்தையும் சொம்பையும், தகட்டைச் சுழற்றி அச்சின்மேல் அழுத்தி வடிவம் தரும் ஸ்பின்னிங் லேத் இயந்திரம் எடுத்துக்கொண்டது. இப்போது கையால் அடித்த பாத்திரத்தை மறுபடி தேடி வாங்குகிறார்கள். அடிக்கத் தெரிந்த கைகள் குறைந்த பிறகு அந்தத் தேவை வந்திருக்கிறது.

இந்த ஆய்வில் வரும் வாங்கியவர் முப்பதுகளில் இருப்பவர். கோவைப் பக்கம் ஒரு தகட்டு வேலைக் கூடத்தில் இருந்துவிட்டு, ஓர் உதவியாளரோடு செம்பில் ஜக்கு, கிண்ணம், சிறு குடம் செய்யும் சொந்தப் பட்டறை தொடங்கினார். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சுத்தியல்கள் அவருக்கு உதவவில்லை. அவை பிட்டருக்கும் தச்சருக்குமானவை. அடிக்கும் முகம் கரடாக இருக்கும், விளிம்பு கூராக இருக்கும். செம்பு மென்மையான உலோகம். சுத்தியல் முகத்தில் ஒரு கீறல் இருந்தால், ஒவ்வொரு அடியிலும் அந்தக் கீறல் பாத்திரத்தில் அச்சாக விழும். விளிம்பு உருளையாக இல்லாவிட்டால் பிறை பிறையாக வெட்டு விழும். வெளிநாட்டிலிருந்து வரும் பாத்திரச் சுத்தியல் ஒன்றின் விலையில் அவர் ஒரு மாதத் தகடு வாங்கிவிடலாம். அதனால் பழையதைத் தேடினார்.

கருவிகளும் அச்சுகளும் செய்யும் டூல் ரூம் வேலைப் பழக்கம் எனக்கு உண்டு. அந்த வகையில் இதில் பார்த்துச் சொன்னவன் மட்டுமே நான். வேலை முழுக்க அவர்கள் இருவருடையது.

வாங்கும் இடத்தில்

விற்றது, அந்த வட்டாரத்தில் மூடிய ஒரு பட்டறைக்காரரின் பேரன். பட்டறை நடத்திய பெரியவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, வீட்டிலேயே இருக்கிறார். சுத்தியல்கள் ஒரு சாக்கில் கிடந்தன, 23 தலைகள், கிட்டத்தட்ட 16 கிலோ. பழைய இரும்பு விலையைவிடக் கூடுதலாகக் கிலோ 90 ரூபாய் கேட்டார், பேரம் பெரிதாக இல்லை. பாத்திரத்தை மாட்டி அடிக்கும் இரும்பு முளைகள் எங்கே என்று கேட்டபோது, கனமாக இருந்ததால் அவை போன மாதமே எடைக்குப் போய்விட்டன என்றார் பேரன். இதன் விளைவு பின்னால் வருகிறது.

அங்கேயே நின்று செய்யக்கூடிய சோதனைகள் மூன்று. தலையைக் கயிற்றில் தொங்கவிட்டு ஆணியால் தட்டினால், விரிசல் இல்லாதது கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது மொத்தென்று இருக்கும். அடுத்தது, விளிம்பு காளான் போல வெளியே பிதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. பிதுங்கியிருந்தால் முகம் மென்மையானது, அல்லது உளித்தலை போன்ற கடினமானதை அடிக்கப் பயன்பட்டது. மூன்றாவது அரம். கூரான புது அரத்தை முகத்தின் ஓரத்தில் லேசாக இழுத்தால், கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கினால் முகம் அரத்துக்கு இணையான கடினம், அதாவது உலோகக் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60-க்கு மேல். சுத்தியலுக்கு அது அதிகம். 50 முதல் 58 வரை இருந்தால் போதும். அந்த நிலையில் அரம் சிரமப்பட்டுக் கொஞ்சம் கடிக்கும். வெண்ணெயில் போவதுபோல இறங்கினால் அந்த முகத்தில் பதமே, அதாவது சூடாக்கிக் குளிரவைத்து ஏற்றும் கடினமே, இல்லை.

வாங்கியவர் முதல் இரண்டையும் செய்தார். முகத்தில் கோடு விழும் என்று பேரன் தயங்கியதால் அரம் போடவில்லை.

சாக்கில், ஒரு முனை பந்து போல உருண்ட பந்துமுனைச் சுத்தியல் ஒன்றில் ஷெஃபீல்ட் என்ற முத்திரையும் பக்கத்தில் அம்புக்குறியும் இருந்தன. அகன்ற தலையுள்ள அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் அடையாளம். சேகரிப்பவர்கள் கையில் இத்தகைய முத்திரைக்குத் தனி விலை உண்டு. பேரனுக்கு அது தெரிந்திருக்கவில்லை, எடைக்கே கொடுத்துவிட்டார். பாத்திர வேலையைப் பொறுத்தவரை அது சாதாரண ஒன்றரை ராத்தல், அதாவது சுமார் 680 கிராம், பந்துமுனைச் சுத்தியல்தான். முத்திரைக்குக் காசு கொடுக்க நினைப்பவர் அலமாரிக்கு வாங்குகிறார்.

பிரித்தது

வீட்டுக்கு வந்ததும் டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்கள். எலுமிச்சை உப்புக் கரைசலில் போட்டால் துரு சீக்கிரம் போகும் என்று உதவியாளர் சொன்னார். உண்மைதான், ஆனால் பதம் போட்ட எஃகை அமிலத்தில் நெடுநேரம் வைத்தால் அது நொறுங்கும் தன்மை பெறும் ஆபத்து உண்டு. பளபளப்பான முகத்தையும் அமிலம் அரித்துப் புள்ளி போட்டுவிடும். அதனால் அமிலம் வேண்டாம் என்று முடிவானது. பக்கவாட்டில் இருந்த பழுப்புப் படலத்தை அப்படியே விட்டார்கள். அது உதிரும் துரு இல்லை.

பிறகு விரிசல் சோதனை. தலையில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினார்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெளியே கசிந்து பொடியில் ஈரக் கோடாகத் தெரியும். மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது கஷ்டம், டீசலிலும் இது ஓரளவுக்கு நடக்கும். தட்டிக் கேட்டபோது தப்பியிருந்த இரண்டு தலைகளில், பிடி நுழையும் கண்ணின் மூலையிலிருந்து முடி போலக் கோடு தெரிந்தது. அவை உடனே ஒதுக்கப்பட்டன.

நான்கு தலைகளுக்கு மரப்பிடியே இல்லை, இரும்புக் குழாயை வெல்டிங் வைத்திருந்தார்கள். பிடி அடிக்கடி கழன்று தொல்லை தரும்போது பட்டறைகளில் இப்படிச் செய்வது வழக்கம். வெல்டிங்கின் சூடு பட்ட இடத்தை ஒட்டி எஃகு ஓர் இடத்தில் மென்மையாகும், இன்னோர் இடத்தில் நொறுங்கும். குழாயை அறுத்துவிட்டு மரம் போடலாம் என்று வாங்கியவருக்கு ஆசை. அறுப்பதால் அந்தச் சேதம் போகாது என்பதால் நான்கும் போயின.

மீதி 17. அதில் ஏழு, முகம் நன்றாக இருந்த பாத்திரச் சுத்தியல்கள், சில தட்டையான முகம், சில குறுகிய நீள முகம். ஐந்து, விளிம்பு பிதுங்கிய பந்துமுனை வகை. ஒன்றின் முகத்தில் நீலநிறம் ஏறியிருந்தது, கண்டபடி கிரைண்டர் போட்ட அடையாளம். நான்கு எதற்கென்றே புரியாத வடிவங்கள்.

பழைய முகம்

ஏழையும் கண்ணாடி போல ஆக்க வேண்டும் என்பது வாங்கியவரின் எண்ணம். பெல்ட் கிரைண்டரைத் தயாராக வைத்திருந்தார். அதற்கு முன் பெரியவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான்தான் சொன்னேன். தலைகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெரியவர் தட்டை முகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இதப் போய்த் தேய்க்கணும்ங்கறீங்க? இது தேயணுமேன்னு நாங்க வருஷக்கணக்கா அடிச்சோம்" என்றார். தட்டை என்று நாங்கள் நினைத்தது தட்டை இல்லை. ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் தொட்டு ஓரங்களில் மெல்லிய இடைவெளி தெரிந்தது. அந்த மிகச் சிறிய மேடுதான் குடத்தின் வயிற்றில் அடிமேல் அடியாக வைக்கும்போது விளிம்புக் கோடு விழாமல் காப்பது. பெல்ட்டில் வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் அது போயிருக்கும்.

அந்த ஏழில் ஆறுக்கு கிரைண்டரே போடவில்லை. துருப்புள்ளிகள் ஆழமில்லாமல் இருந்ததால், தடித்த தோல் துண்டின்மேல் எமரித் தாளை வைத்து 320-இல் ஆரம்பித்து 600, 1000, 1500 என்று (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) கையாலேயே தேய்த்தார்கள். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றி, முந்தைய தாளின் கோடு முழுக்க மறைந்த பிறகுதான் அடுத்ததுக்குப் போனார்கள். கடைசியில் பச்சை பாலிஷ் பசை. ஏழாவதில் மட்டும் புள்ளி ஆழம். அதை 120-இலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது, மேடு கொஞ்சம் மாறிவிட்டது. அது இப்போது உள்பக்கம் அடிக்கப் பயன்படுகிறது.

புரியாத நான்கில் இரண்டைப் பெரியவர் பார்த்ததுமே சொன்னார். நீண்டு வளைந்தது குடத்தின் கழுத்துக்கு உள்ளே போவது. சிறியது வாய் விளிம்பை மடிப்பது. மூன்றாவது அடிக்கிற சுத்தியலே இல்லை, உள்பக்கம் கையில் பிடித்து அடியைத் தாங்கக் கொடுப்பது. டிங்கரிங் வேலையில் டாலி என்கிறார்களே, அதே வேலை. நான்காவது அவருடைய அப்பா காலத்தது, அதில் வேலை நடந்து அவரே பார்த்ததில்லை.

நீலம் ஏறிய தலை

எஃகைத் தேய்த்துப் பளபளக்கவைத்துச் சூடாக்கினால் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஏறும். மஞ்சள் சுமார் 220 டிகிரி செல்சியஸ், நீலம் சுமார் 300. நீலம் வந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அரமும் அதையே சொன்னது, தாராளமாகக் கடித்தது. நீலத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், இறங்கிய பதம் அதனால் திரும்பாது.

உள்ளூர்க் கொல்லர் ஒருவரிடம் மறுபடி தோய்ச்சல் போட, அதாவது காய்ச்சித் திரவத்தில் முக்கிக் கடினமாக்க, கொடுத்தார்கள். அவரும் கவனமானவர். முழுத் தலையையும் உலையில் வைக்காமல் முகத்தை மட்டும் கரியில் வைத்தார். கண் இருக்கும் பகுதி கடினமாகக் கூடாது. ஆப்பு இறங்கும்போதும் அடி விழும்போதும் அது வளைந்துகொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கேதான் பிளக்கும். காந்தம் ஒட்டாத நிலை வரைக்கும் சூடாக்கினார். இரும்புக்கு அது 770 டிகிரி. அதைத் தாண்டிக் கொஞ்சம் விட்டு எண்ணெயில் தோய்த்தார். எந்த எஃகு என்று தெரியாதபோது எண்ணெயில் தொடங்குவதுதான் பாதுகாப்பு. அரம் இன்னும் கடித்தது. நடுத்தரக் கார்பன் அளவுள்ள எஃகு இவ்வளவு பருமனாக இருக்கும்போது எண்ணெய் போதுமான வேகத்தில் குளிரவைக்காது. இரண்டாம் முறை தண்ணீரில் போட்டார்கள். முகத்தை அசைத்துக்கொண்டே தோய்க்க வேண்டும், சும்மா வைத்தால் நடுவில் ஆவி தங்கி அந்த இடம் மட்டும் மென்மையாக நிற்கும். அரம் வழுக்கியது. பிறகு தலையின் உள்சூடு முகத்துக்கு ஏற ஏற நிறத்தைப் பார்த்து, பழுப்பு வந்ததும் நிறுத்தினார். மறுபடி எண்ணெய், சாக்பீஸ் சோதனை. விரிசல் இல்லை.

செம்பு வேலைக்காரருக்கு இந்த இடத்தில் ஒரு குழப்பம் வருவது இயல்பு. செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும். உதவியாளருக்கு இதை உலை முன்னால் நின்று பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

பிடி

ஒன்பதுக்குப் புதுப் பிடி போட்டார்கள், கருவேல மரத்தில். நம் ஊரில் ஆயுதப் பிடிக்குக் கருவேலம் பழகிய மரம், அதிர்வைத் தாங்கும். பழைய வீட்டிலிருந்து வந்த காய்ந்த கட்டை கிடைத்தது. அறுக்காமல் இழைப்போக்கில் பிளந்து எடுத்தார்கள். அறுத்தால் இழை குறுக்கே ஓடி அங்கே ஒடியும். கண் நடுவில் குறுகி இரு பக்கமும் அகன்றிருந்த தலைகளுக்கு வழக்கம் போலக் கீழிருந்து நுழைத்து மேலே ஆப்பு. நாட்டுக் கொல்லர் செய்த இரண்டு தலைகளில் கண் ஒரே பக்கம் அகன்றிருந்தது. அவற்றுக்குக் கோடரி போல மேலிருந்து இறக்கினார்கள்.

பழைய பிடி இறுக்கமாக இருந்தவற்றை அப்படியே வைத்தார்கள். கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பள்ளம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கோவைக்கு வந்த சில வாரங்களில் அவற்றில் பாதி ஆட ஆரம்பித்தன. காவிரிக் கரை ஈரத்தில் இருந்த மரம், கோவையின் வறண்ட காற்றில் சுருங்கியது. உதவியாளர் வழக்கப்படி அவற்றை ராத்திரி தண்ணீர் வாளியில் போட்டு வைத்தார். காலையில் இறுகியிருந்தது, மறுநாள் மறுபடி ஆடியது. தண்ணீரில் ஊறிய மரம் கண்ணுக்குள் இடமில்லாமல் நசுங்கும், காயும்போது முன்பைவிடச் சிறியதாகிவிடும். வாளியை நிறுத்திவிட்டு, நன்றாகக் காயவிட்டு, பழைய ஆப்பை எடுத்துவிட்டுச் சற்றுத் தடித்த ஆப்பு அடித்து, முனையில் ஆளிவிதை எண்ணெய் ஊறவிட்டார்கள். அதன் பிறகு ஆடவில்லை.

உடைந்த தலை

முளைகள் எடைக்குப் போய்விட்டதால், லாரி ஆக்சில் துண்டைக் கடைந்து புது முளைகள் செய்திருந்தார்கள். அவற்றின் ஓரங்கள் இன்னும் கூராக இருந்தன. உதவியாளர் கிண்ணத்தின் விளிம்பை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தபோது, குறுகிய நீள முகமுள்ள சுத்தியல் தகட்டைத் தவறி முளையின் ஓரத்தில் விழுந்தது. முகத்தின் மூலையில் பட்டாணி அளவுத் துண்டு தெறித்து அவருடைய முன்கையில் கீறியது. கண்ணாடி போட்டிருந்தார். காயம் சிறியதுதான்.

வேலையை நிறுத்தி, உடைந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். சரியாகப் பதம் போட்ட எஃகு உடைந்தால் மங்கிய சாம்பல் நிறத்தில் பட்டுப் போல இருக்கும். இதில் கற்கண்டு போலப் பரல் பரலாக மின்னியது. எப்போதோ தோய்ச்சல் போட்டபோது சூடு அதிகமாகப் போய் எஃகின் உள்ளே இருக்கும் மணி, அதாவது படிகத் துகள், பெருத்துவிட்டது. இப்படிப்பட்டதை வெறுமனே இளக்கி, அதாவது மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைத்து, காப்பாற்ற முடியாது. அந்தத் தலை ஒதுக்கப்பட்டது.

பெரியவரிடம் போனில் சொன்னபோது அவர் நம்பவில்லை. அவர் கையில் எத்தனையோ வருஷம் இருந்த சுத்தியல் அது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருடைய முளைகளின் ஓரங்கள் தேய்ந்து உருண்டவை, அவருடைய அடி சிறியது, குறி தவறாதது. கூரான முளையும் பழகாத கையும் சேர்ந்த இடத்தில்தான் உள்ளே இருந்த குறை வெளியே வந்தது. சுத்தியல் நல்ல நிலையில் இருக்கிறதா என்ற கேள்விக்கு யார் கையில், எந்த முளைமேல் என்று சேர்த்துக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

அன்றே மீதி எல்லாவற்றுக்கும் அரம் போட்டார்கள். மூன்றில் வழுக்கியது. அவற்றின் பிடியைக் கழற்றி, தலைகளை வீட்டு ஓடிஜி மின் அடுப்பில் 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் இதில் நஷ்டம் கிடையாது என்பதே முடிவுக்குக் காரணம். ஏற்கெனவே அதைவிட அதிகச் சூட்டில் இளக்கிய எஃகுக்கு 250 டிகிரி ஒன்றும் செய்யாது. இளக்காமல் விட்ட எஃகை மட்டும்தான் அது மாற்றும். அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல், தேய்த்துப் பளபளப்பாக்கிய முகத்தின் நிறத்தையே அளவாக வைத்தார்கள். கரு மஞ்சள் தாண்டிப் பழுப்பு தொடங்கும் இடத்தில் எடுத்தார்கள். மூன்றிலும் அரம் லேசாகப் பிடித்தது. நிறம் போக மறுபடி பாலிஷ்.

முளைகளின் ஓரங்களையும் அன்றே உருட்டித் தேய்த்தார்கள்.

முடிவில் என்ன ஆனது

23-இல் அன்றாட வேலையில் இருப்பவை பதினொன்று. பெரியவருக்கே தெரியாத அந்த வடிவமும், பந்துமுனையில் நான்கும் அலமாரியில் இருக்கின்றன. அம்பு முத்திரைச் சுத்தியலும் அந்த நான்கில் ஒன்று. அதற்குச் சேகரிப்பவர் ஒருவர் நல்ல விலை சொன்னார், விற்கவில்லை. ஏழு பழைய இரும்புக்குப் போயின. போவதற்கு முன் விரிசல் விட்டவற்றையும் வெல்டிங் வைத்தவற்றையும் கட்டிங் வீலால் குறுக்கே அறுத்துவிட்டார்கள். எடைக்கடையிலிருந்து இன்னொருவர் எடுத்துப் பிடி போட்டுவிடக் கூடாது.

மாற்ற வேண்டியவை

சாக்கைத் தூக்கும் முன் பழைய பட்டறைக்காரரோடு உட்கார வேண்டும். எது எதற்கு, எந்த முளையோடு என்று கேட்டு, தலையின் பக்கவாட்டில் பெயின்டால் எண் போட்டுக்கொள்ளலாம். விற்பவர் தயங்கினால் அரச் சோதனையை முகத்தில் செய்ய வேண்டாம், முகத்தின் பக்கவாட்டு ஓரத்தில் செய்தால் கோடு வேலைக்கு இடைஞ்சல் ஆகாது. வழுக்கும் தலைகளைப் பிடி போடும் முன்பே இளக்கிவிட்டால் பிடியை இரண்டாம் முறை கழற்றும் வேலை இல்லை. வேறு ஊர்க் காற்றிலிருந்து வந்த பிடியைச் சில வாரம் உபயோகிக்காமல் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முந்தியது முளைகள். வாங்கியவர் இப்போது மூடும் பட்டறை என்று கேள்விப்பட்டால் முதலில் போன் செய்து கேட்பது, முளைகள் இன்னும் இருக்கின்றனவா என்றுதான். தஞ்சாவூர்ப் பக்கம் ஓரிடத்தில் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. கிலோவுக்கு என்ன விலை கேட்டாலும் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், அரத்தை எடுத்துக்கொண்டுதான் போவார்.